எருமைப் பாறை எந்தப் பக்கம்

தீவுக்கு எடுத்துப்போக வேண்டியவை என்று எழுதி, அதன் கீழ் ஒரு கோடும் இழுத்துவிட்ட பிறகு குருவையாவுக்கு மேற்கொண்டு எதுவும் ஓடவில்லை. குடை என்று எழுதினார். கடல் பார்க்கப் போகிறவனுக்குக் குடை எதற்கு என்று அடித்தார். வெயிலுக்கு வேண்டுமே என்று மறுபடி எழுதினார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், அவர் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியே உட்கார்ந்து மூச்சு வாங்கும். ஆனால் திருப்பிப்போட்ட எழுத்தை வாசிக்கச் சொன்னால் சிவகாசியில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, வருஷக்கணக்கில் அச்சாபீஸில் பிலிமையும் தகட்டையும் பார்த்த கண் அது. அடுப்பில் குக்கர் இருந்தது. நாலு விசில் வந்ததும் அணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் மாரிக்கனி வெளியே போனாள். எங்கே போகிறாள் என்பதையும் இன்றைக்குச் சொல்லிவிட்டே போனாள், அதுதான் புதிது. இருபத்தொரு வருஷமாகக் கோயிலுக்கு என்பாள், ரேஷன் கடைக்கு என்பாள், அண்ணன் வீட்டு முறுக்கு கட்டைப்பையில் இருக்கும், இவரும் எந்தக் கோயிலில் முறுக்கு கொடுக்கிறார்கள் என்று கேட்டதில்லை, ஆனால் தின்றதுமில்லை. இன்றைக்கு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணன் வீட்டுக்குப் போறேன். உமா பன்னெண்டு மணிக்கு டிக்கெட் போடணும்னு சொன்னா. அண்ணனும் மதினியும் சேர்த்து நாலு பேரா, நாம மட்டும் ரெண்டு பேரான்னு நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க. ரெண்டு பேர்னா உங்ககூட வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க, நான் வரல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருக்கலாம். குக்கருக்கு நாலு விசில் என்று சொன்ன அதே குரலில் சொன்னாள். மணி இப்போது பத்தேமுக்கால். முதல் விசில் வந்தது. ஒன்று.

சோப்பு என்று எழுதினார். சோப்பு அங்கேயே கொடுப்பார்களாம், கடலைப் பார்த்த அறையாம், கதவைத் திறந்தால் மணலாம், மகள் உமாராணி சென்னையிலிருந்து போனில் சொல்லிக்கொண்டே போனாள், அம்மா அப்பாவுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம், எங்கள் செலவில் ஐந்து நாள் போய்விட்டு வாருங்கள் என்று. அந்தமான் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. அதன் பெயரை மூன்று தடவை கேட்டும் அவர் வாயில் நிற்கவில்லை. விமானத்தில் போய், பிறகு ஒரு கப்பலில் போய். விமானம் கூடப் பரவாயில்லை, கண்ணை மூடிக்கொண்டால் திருநெல்வேலி பஸ்ஸில் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். தண்ணீர்தான். நாலு பக்கமும் தண்ணீர் என்றால் ராத்திரி தூங்கும்போது எந்தப் பக்கம் தலை வைப்பது. எவ்வளவு பெரிய தீவு என்று கேட்டதற்கு, "சைக்கிள்ல சுத்துனா அரை நாள்தாம்பா" என்று பெருமையாகச் சொன்னாள். அரை நாள். சிவகாசியில் மாரிக்கனியின் அண்ணன் சீனிராஜ் எந்தத் தெருவில் வருவான், எந்த டீக்கடையில் நிற்பான் என்று தெரியும், அந்தத் தெருவை விட்டுவிட்டு அடுத்த தெருவில் போகலாம். கல்யாண மண்டபத்துக்கு எப்போதும் இரண்டு வாசல், அவன் முன்வாசலில் சந்தனம் தொட்டுக்கொண்டு நின்றால் இவர் சாப்பாட்டுப் பந்தி வழியாக வெளியேறிவிடுவார். தீவுக்கு ஏது பின்வாசல். இவர் இந்தப் பக்கம் நடந்தால் அவன் அந்தப் பக்கம் நடப்பான், கடைசியில் இரண்டு பேரும் ஒரே மணலில் எதிரும் புதிருமாக வந்து நிற்க வேண்டும். நிற்கட்டுமே, நான் ஏன் ஒதுங்க வேண்டும், அது என் கடல். அச்சாபீஸில் பிலிம் பிலிமாக நான் ஒட்டிய கடல். உமா பிறந்த வருஷம் ஒட்டிய காலண்டர் படத்தை வைத்துத்தான் பிள்ளை இந்தத் தீவைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அவனுக்கு அதில் என்ன பாத்தியதை. இரண்டாவது விசில் வந்தது. அல்லது இது மூன்றாவதா.

பாத்தியதை என்றதும் எழுதுவதை விட்டுவிட்டார். அந்த நாளை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பார், பார்க்கப் பார்க்க அது மங்கவே இல்லை, புதுத் தாள் மாதிரிப் பளபளவென்று வருகிறது. மகாலட்சுமி காலண்டர். தாமரையில் நின்று வலது கையால் பொற்காசு கொட்டுகிற லட்சுமி. படத்தை முதலில் அச்சடித்து வைத்துக்கொண்டு, ஆர்டர் வர வர அடியில் கடைப் பெயரை அச்சேற்றுவது வழக்கம், அதனால் படம் ஓடும்போது அதில் ஓர் எழுத்துகூட இருக்காது. எழுத்து இருந்தால் திரும்பியது உடனே தெரிந்துவிடும். படத்தில் யாருக்குத் தெரியும். நகைக்கடைக்காரர் ஒருவர் வந்து, தாளை விரித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டார். பிலிமை வரிசைப்படி ஒட்டுவது குருவையா, ஒட்டியதைத் தகட்டில் ஏற்றுவது சீனிராஜ், மூன்றாவது ஆள் கிடையாது. "ஏப்பா, மகாலட்சுமிக்கு எப்பருந்து இடது கைப் பழக்கம்?" என்றார் முதலாளி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இடது கையால் காசு கொட்டினாள் தாயார், இருபதாயிரம் தாளில். சீனிராஜ் இவர் முகத்தைப் பார்க்காமல் தகட்டில் படம் ஏற்றுகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "ஒட்டி வந்தபடிதான் முதலாளி போட்டேன்." அவ்வளவுதான். சொந்த மச்சான், பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன், ஒரே டம்ளரில் டீயை ஆற்றிப் பங்கு போட்டுக் குடித்தவன். தெரியல முதலாளி என்று சொல்லியிருக்கலாம். ரெண்டு பேர் மேலயும் இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். மறுநாளிலிருந்து குருவையா காலண்டரின் மேலும் கீழும் தகரம் அடிக்கிற பகுதியில் உட்கார்ந்தார், வேலையை விட்டு நிற்கும்வரை தகரம்தான். கையில் கீறல் விழாத நாள் இல்லை. அதற்குக்கூட அவர் வருத்தப்படவில்லை. அவர் சொன்ன சாட்சியை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லையே, அதுதான். பிலிமுக்கு ஒரு பக்கம் மருந்து இருக்கும், அந்தப் பக்கம் கீழே போக வேண்டும், மாற்றி வைத்தால் படம் திரும்பிவிடும். மற்றவர்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். குருவையா பிலிமின் மூலையைக் கீழுதட்டில் தொட்டுப் பார்ப்பார், மருந்துப் பக்கம் என்றால் லேசாகப் பிடித்து இழுக்கும். அந்த உதடு ஒரு தடவைகூடத் தப்புச் சொன்னதில்லை. இப்போதும் கீழுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இதை வைத்துத்தான் இருபத்தொரு வருஷம் தலை நிமிர்ந்து நடந்தது. அந்த லட்சுமி தாள் ஒன்றைச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, தகரப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார். என்றைக்காவது நியாயம் பேச ஒரு நாள் வரும் என்று. இது மூன்றுதான், மூன்றாவது விசில்தான், சந்தேகமில்லை.

அவனுக்கு ஒரு கண் போய்விட்டது என்று மாரிக்கனி போன மாசம் சொன்னாள். இவரிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். இடது கண் முழுசாகப் போய்விட்டதாம், வலது கண்ணும் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வருகிறதாம், டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். தகட்டு விளக்கு அப்படி, அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்காதே பார்க்காதே என்று சொன்னால் கேட்டால்தானே. சொன்னது யார், நான்தான். ஒரு கறுப்புக் கண்ணாடிகூட மதுரையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தேன், போட்டானா, தலையில் மாட்டிக்கொண்டு சினிமாக்காரன் மாதிரி நின்றான். சிரிப்பு வந்தது, வந்ததும் குருவையா அதை அடக்கிக்கொண்டார். அடக்கியதற்கு ஆளில்லாத வீட்டில் அவசியமே இல்லை. சுவரைப் பார்த்து மாரிக்கனி இன்னொன்றும் சொன்னாள். "திருச்செந்தூர்ல பார்த்த கடல்தானாம். நீலமா ஒரு கடல் பார்க்கணும்னு சொல்லுது." அதற்கு இவர், நீலமா வேணும்னா காலண்டரைப் பார்க்கச் சொல்லு என்றார். நல்ல பதில் என்று அன்றைக்குத் தோன்றியது. ஒரு மாசம் கழித்து இப்போது அந்தப் பதில் தொண்டையில் சுண்டல் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

போன் டிங் என்றது. உமா காலையிலேயே ஒரு படம் அனுப்பியிருந்தாள், பாருங்கப்பா பாருங்கப்பா என்று. எழுதி முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார், உண்மையில் பார்க்கப் பயம். இத்தனை வருஷமாக ஒரு படத்தில் இருந்த இடம் நிஜமாக இருந்துவிட்டால் பிறகு போகாமல் இருக்க முடியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திறந்தார். மணல், பச்சையும் நீலமுமாகக் கடல், கரையோரம் எருமை படுத்துக் கிடப்பது போல ஒரு கரும்பாறை. அதே பாறை. அதே முதுகு, அதே தாழ்ந்த தலை. கீழே உமா எழுதியிருந்தாள்: "அப்பா, உங்க எருமைப் பாறை இதுதானே? ஆனா காலண்டர்ல இடது ஓரத்துல இருக்கும்ல, இங்க வலது ஓரத்துல இருக்கு. வேற பக்கத்துல நின்னு எடுத்திருப்பாங்க." குருவையா எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். கதவின் உட்புறம் ஆணியில் அந்தக் கடல் தொங்கியது, மேலும் கீழும் தகரம் அடித்த ஒற்றைத் தாள், தொண்ணூற்றெட்டு. பிள்ளை சோறு தின்ன அடம்பிடித்தால் இந்தக் கதவைத் திறந்து எருமையைக் காட்டித்தான் ஊட்டுவார்கள். இடது ஓரத்தில் பாறை, எருமையின் முகம் இடது பக்கம். போனில் வலது ஓரத்தில் பாறை, முகம் வலது பக்கம். வேறு பக்கத்தில் நின்று எடுத்திருப்பார்கள். பாறைக்கு அந்தப் பக்கம் போய் நின்று எடுத்தால் கடல் முதுகுக்குப் பின்னால் போயிருக்க வேண்டுமே. இரண்டு படத்திலும் கடல் பாறைக்குப் பின்னால்தான் இருக்கிறது. எருமை முதுகில் அந்தப் பள்ளம், இரண்டிலும் இருக்கிறது. இது பிள்ளைக்குத் தெரியாது. இது தொழில் தெரிந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தவனுக்குத் தெரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். குக்கர் என்னவோ செய்துகொண்டிருந்தது. அவர் தாளை ஆணியிலிருந்து கழற்றி, ஜன்னலுக்குக் கொண்டுபோய், முதுகுப்பக்கம் தன்னைப் பார்க்கும்படி வெளிச்சத்தில் பிடித்தார். வெயில் தாளுக்குள் புகுந்தது. அடியில் கடைப் பெயர் திரும்பிப்போய்த் தெரிந்தது, படம் நேராகிவிட்டது. எருமை வலது ஓரத்தில் வந்து படுத்துக்கொண்டது.

தாளை இறக்கியதில் அடித்தகரம் ஜன்னல் கம்பியில் இடித்துக் கடகடவென்றது. தகட்டில் திரும்பியிருக்கும் என்று மனசு முதலில் அங்கேதான் ஓடியது, பழகிய வழி. ஓடியது பாதியிலேயே நின்றது. தகடும் நான்தான் போட்டேன். கடல் படம் ஓடிய அந்த வாரம் சீனிராஜ் வேலைக்கு வரவில்லை. சீசன் நேரம், காலண்டர் ஆபீஸில் தீபாவளிக்கு முந்தி ஒருத்தனுக்கும் லீவு கிடையாது, ஒட்டவும் தகடு போடவும் இரண்டுக்கும் நானே நின்றேன், ஒத்தை ஆளாக நாலு நாள் ஓட்டினேன் என்று முதலாளியே தோளில் தட்டினார், அதைப் பத்து வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஏன் அவன் வரவில்லை. இதை இத்தனை வருஷமும் யோசித்ததே இல்லை, அவன் வராதது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது, ஏன் என்பது எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. மாரிக்கனிக்கு வலி எடுத்த வாரம் அது. இரண்டு பேரில் ஒருத்தன்தான் போக முடியும் என்றார்கள். நீ போனா படம் ஓடாது மாப்ள, நான் போறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனது அவன். ஆஸ்பத்திரி நடையில் துண்டை விரித்து மூன்று ராத்திரி கிடந்தது அவன். பிள்ளை பிறந்ததும் சீனித்தண்ணீரை விரலில் தொட்டு, தாய்மாமன் முறைக்கு உமாவின் உதட்டில் முதலில் வைத்தது அவன். அதே நேரத்தில்தான் இங்கே நான் தூக்கமில்லாமல், ஆணா பெண்ணா என்று தகவல் வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு, பிலிமை எடுத்து உதட்டில் வைத்திருக்கிறேன். வண்ணத்துக்கு ஒன்றாக நாலு பிலிம், முதல் பிலிம் திரும்பினால் மற்ற மூன்றும் அதன் மேலேயே பொருந்தித் திரும்பிவிடும். உதடு என்ன சொன்னதோ, நான் என்ன கேட்டேனோ. லட்சுமியையும் நான்தான் திருப்பினேன் என்று இதற்கு அர்த்தமில்லை. நிச்சயமாக இல்லை. ஆனால் என்னால் திருப்ப முடியும். அது போதும், இருபத்தொரு வருஷத்துக்கு ஊன்றிவைத்த ஒரே கம்பு அதுதான், அதைப் பிடுங்கியாயிற்று. கீழே விழப்போகிறோம் என்று பார்த்தால் விழவில்லை. ஜன்னலில் நின்றபடிதான் நிற்கிறார். தோள் மட்டும் லேசாக, தகரக் கட்டை இறக்கிவைத்த மாதிரி இருந்தது, அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது. மணி பதினொன்றே முக்கால்.

மாரிக்கனியின் நம்பரைப் போட்டார். "என்னங்க, குக்கரை அணைச்சீங்களா?" என்றாள் அவள் எடுத்ததும். "அணைச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய் அணைத்தார். "அண்ணன் இருக்காரா? குடு." அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ யாரிடமோ மெல்ல என்னவோ சொன்னார்கள். பிறகு இருமல். அந்த இருமலை எங்கே கேட்டாலும் தெரியும், எத்தனை தெருவைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார் அதைக் கேட்டு.

"சொல்லுங்க" என்றான் சீனிராஜ். அந்த மரியாதை சுருக்கென்று தைத்தது.

"தொண்ணூத்தெட்டு காலண்டர். கடல் படம். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அது திரும்பியிருக்கு."

"இப்பத்தான் தெரியுதாக்கும்?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"உமா பிறந்து நாலாம் நாள் வேலைக்கு வந்தேன்ல. மேஜையில மூலப்படம் கிடக்கு, மிஷின்ல தாள் ஓடிட்டிருக்கு. ரெண்டையும் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டு டீ குடிக்கப் போனேன். நீங்கதான் மிட்டாய் வாங்கிக் குடுத்தீங்க."

"சொல்லியிருக்கலாம்ல."

"கடலுக்கு ஏது மாப்ள வலது கை, இடது கை" என்றான் சீனிராஜ். "பிள்ளை பிறந்த வாரம். போகட்டும்னு விட்டுட்டேன்."

குருவையா பீரோ கதவைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார், வந்தது வேறு. "அப்ப அந்த லட்சுமி?"

"அது நீதான்."

"நான் இல்ல."

"நீதான் மாப்ள. சத்தியமா."

நீ என்று வந்துவிட்டது. குருவையா அதைக் கேட்டும் கேட்காதவர் மாதிரி இருந்துகொண்டார். "ஒரு தாள் பத்திரமா வச்சிருக்கேன். அதை எடுத்துட்டு வர்றேன். அங்க வச்சுப் பேசிக்கிடுவோம்."

"எங்க?"

"தீவுலதான். அஞ்சு நாள் இருக்கு. பேசித் தீரும், தீரலைன்னாலும் அங்க பின்வாசல் கிடையாது." ஜன்னலோரம் கிடந்த காலண்டரைப் பார்த்தார். "எருமைப் பாறைன்னு ஒண்ணு இருக்கு. எந்தப் பக்கம் இருக்குன்னு நீ பார்த்துச் சொல்லு. என் உதட்டை இனிமே நம்புறதுக்கில்ல."

"எனக்கு ஒரு கண்ணுதான் மாப்ள."

"பாறையும் ஒண்ணுதான்."

அந்தப் பக்கம் சிரிப்பும் இருமலும் கலந்து வந்தது, நடுவில் மாரிக்கனி என்னண்ணே என்னண்ணே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குருவையா போனை வைத்தார். உமாவைக் கூப்பிட்டார். நாலு பேர் என்றார். மாமாவுக்கு விமானத்தில் ஜன்னல் ஓரம், வலது கண் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், விசாரித்துப் போடு என்றார். அவள் அப்பா என்று மட்டும் சொன்னாள், பிறகு சரிப்பா சரிப்பா என்று இரண்டு தடவை சொன்னாள். மணி பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம். வீடு முழுக்கப் பருப்பு அடிப்பிடித்த வாசனை. மாரிக்கனி வந்து கேட்பாள், கேட்கட்டும், எத்தனை விசில் என்று அவராலும் சொல்ல முடியாது. காலண்டரைப் பழைய ஆணியில் மாட்டினார், இடது ஓரத்து எருமை இடது ஓரத்திலேயே படுத்திருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார். குடை என்பதற்குப் பக்கத்தில் இரண்டு என்று போட்டார். சோப்பை அடித்தார். மாரிக்கனியின் மாத்திரை, என் மாத்திரை, மச்சானுடைய சொட்டு மருந்து, அதைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி ஒன்று, இந்தத் தடவை போடாவிட்டால் விடுவதில்லை. பேனாவை உதட்டில் வைத்து இன்னும் என்ன என்று யோசித்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, நேராக, கடைசி வரியில் எழுதினார்: மகாலட்சுமி, ஒரு தாள், கசங்காமல்.